மருந்து தோற்குமிடம்: எதிர்ப்பாற்றல் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

நோயாளி ஒருவர் மருந்துக்குக் கட்டுப்பட்டுச் சிலகாலம் தேறியிருந்து, பின்னர் அதே மருந்து பயனளிக்காது போக மடிகின்றபொழுது, சூழ நிற்போரிடமிருந்து இரண்டு கூற்றுக்கள் பிறக்கின்றன. "எல்லாம் விதி" என்பது ஒன்று. "நோய் மருந்தை வென்றுவிட்டது" என்பது மற்றொன்று. முன்னது வீட்டாரின் கூற்று. பின்னது பெரும்பாலும் மருத்துவமனையின் கூற்று. தோற்றத்தில் இவை ஒன்றற்கொன்று மாறானவை. ஒன்று சமயத்தின் மொழியிலும் மற்றது அறிவியலின் மொழியிலும் அமைந்தவை. எனினும் இவையிரண்டும் செய்யும் வேலை ஒன்றே. நடந்ததற்கு மனிதர் எவரும் பொறுப்பாளியல்லர் என்று சொல்லி அவை நமக்கு ஆறுதலளிக்கின்றன. அவ்வாறுதல் எந்த அளவுக்கு நியாயமானது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. புற்றுநோய்க் கலங்கள் மருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெறுகின்ற முறையைச் சற்று நுணுகி நோக்கின், விதியென்று நாம் ஒதுக்கிவிடும் பரப்பிற் கணிசமான ஒரு பகுதி உண்மையிற் காலத்தின்பாற் பட்டது என்பதும், அக்காலம் மனிதராற் பங்கிடப்படுவது என்பதும் புலனாகும் என்பது என் கருத்து.

வினா அறவியல் சார்ந்தது. ஆயின் அதன் விடை கலத்தினுள்ளேதான் தொடங்குகின்றது. எனவே கலைப்பீட மாணவனொருவன் உயிரியலின் எல்லைக்குட் சிறிது தூரம் செல்வதை விஞ்ஞானபீடத்து நண்பர்கள் பொறுத்தருள்வாராக. நம் உடலிலுள்ள கலங்கள் தாம் நினைத்தபொழுது பிரிந்து பெருகுவன அல்ல. வளருமாறு வெளியிலிருந்து வரும் சைகையைக் கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கிகள் ஏற்கின்றன; அச்சைகை பல புரதங்களின் வாயிலாகக் கைமாறிக் கருவைச் சென்றடைகின்றது; அதன் பின்னரே கலம் இரண்டாகின்றது. பிரிய வேண்டாதபொழுது தடுத்து நிறுத்தும் புரதங்களும் உள. சீர்செய்ய முடியாதவாறு பழுதுற்ற கலத்தைத் தானே மாய்ந்துபோகச் செய்யும் புரதங்களும் உள. இவற்றை ஆக்கும் பரம்பரையலகுகளில் விகாரம் நேரும்பொழுது, சைகை வாராமலே வந்ததுபோலக் கலம் நடந்துகொள்ளலாம், தடைகள் தளர்ந்துபோகலாம். பெரும்பாலும் ஒரு விகாரம் மட்டும் போதுவதில்லை. ஆண்டுக்கணக்கிற் பல விகாரங்கள் ஒரே கலத்தின் வழித்தோன்றல்களிற் சேர்ந்த பின்னரே புற்றுநோய் என நாம் அழைப்பது உருவாகின்றது.

இக்கலத்தைத் துரோகி என்றும் கலகக்காரன் என்றும் ஊடுருவிய பகைவன் என்றும் வருணிப்பது எழுத்தாளர் பலருக்குக் கைவந்த பழக்கம். அமெரிக்க சனாதிபதி நிக்சன் 1971 ஆம் ஆண்டிற் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சட்டத்திற் கையொப்பமிட்டதனைப் புற்றுநோய்க்கு எதிரான போர்ப் பிரகடனம் என்றே உலகம் பேசியது. தாமே அந்நோய்க்கு ஆளாகியிருந்த சூசன் சொன்ராக் 1978 ஆம் ஆண்டில் எழுதிய நூலில், இத்தகைய உருவகங்கள் நோயாளியை மேலும் வருத்துகின்றன என்று வாதிட்டார். உருவகம் எதிர்த்திசையிலும் பாயும். ஒரு சாராரைப் பிறிதொரு சாரார் "புற்றுநோய்" எனக் கூறிய மேடைப் பேச்சுக்களைக் கேளாதவர் இந்நாட்டில் யார்? கலத்துக்கு எண்ணமில்லை, ஆகவே வஞ்சமுமில்லை. இதனை இங்கு வற்புறுத்துவது, எதிர்ப்பாற்றலையும் நோயின் வஞ்சமாகவே பலர் கருதுவதனாலாகும்.

எதிர்ப்பாற்றலை விளங்கிக்கொள்வதற்கு நாட்பட்ட வெண்குருதிப் புற்றுநோயின் ஒரு வகையைவிடச் சிறந்த சான்று கிடையாது. 1960 ஆம் ஆண்டிற் பிலடெல்பியா நகரில் பீற்றர் நோவெல், டேவிட் ஹங்கர்போட் என்னும் இருவர் அந்நோயாளரின் குருதிக் கலங்களில் இயல்பிற் குறுகிய நிறமூர்த்தமொன்றைக் கண்டனர். 1973 இல் ஜனற் றௌலி என்னும் அம்மையார், 9 ஆம் நிறமூர்த்தமும் 22 ஆம் நிறமூர்த்தமும் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொண்டமையே அதற்குக் காரணம் எனக் காட்டினார். இடம்மாறிய துண்டுகள் ஒட்டிக்கொண்ட இடத்தில் இயற்கையில் இல்லாத புரதமொன்று தோன்றுகின்றது. அது கைனேசு வகையைச் சேர்ந்த நொதியம். வளர்க, வளர்க என்று ஓயாது சைகை கொடுத்துக்கொண்டேயிருப்பது. முந்திய இரசாயனச் சிகிச்சை, விரைந்து பிரியும் கலங்கள் யாவற்றையும், நல்லன தீயன என்று பாராது தாக்கியது. இப்புரதத்தின் பிளவொன்றிற் பொருந்தி அதன் செயலை முடக்கும் இமற்றினிப் என்னும் மருந்தோ குறித்த இலக்கை நோக்கியது. 2001 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அது அனுமதி பெற்றது. சில ஆண்டுகளில் உயிர்குடிக்கும் நோயாயிருந்தது, நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு பல்லாண்டு வாழத்தக்க நோயாயிற்று.

அதே 2001 ஆம் ஆண்டிலேயே அம்மருந்து சிலரிடம் தோற்பதற்கான காரணமும் கண்டறியப்பட்டது. புரதச் சங்கிலியின் 315 ஆம் இடத்தில் ஓர் அமினோவமிலத்துக்குப் பதிலாக மற்றொன்று வந்து அமர்ந்திருந்தது. அவ்வளவே. அவ்வோர் மாற்றத்தால் மருந்து பிளவினுட் பொருந்தவில்லை. நொதியமோ முன்போலவே இயங்கியது.

இம்மாற்றத்தை மருந்து உண்டாக்கியதா, அன்றி அது முன்னரே இருந்ததா? இவ்வினாவிலேதான் நம் பொருளின் உயிர்நிலை தங்கியுள்ளது. புற்றுநோய் மருந்துகளுக்கு நெடுங்காலம் முன்னர், 1943 ஆம் ஆண்டில், சல்வடோர் லூரியா, மக்ஸ் டெல்புறூக் என்னும் இருவர் பற்றீரியாக்களைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். பற்றீரியாவை அழிக்கும் வைரசு ஒன்றுண்டு. அதற்குத் தப்பிப் பிழைக்கும் பற்றீரியாக்களும் எப்பொழுதும் சில உண்டு. வைரசைச் சந்தித்த பின்னரே அவை எதிர்ப்பாற்றலைப் பெறுகின்றன என்றால், தனித்தனியாக வளர்த்த குழாய் ஒவ்வொன்றிலும் தப்பிப் பிழைப்பவற்றின் தொகை ஏறத்தாழ ஒத்திருத்தல் வேண்டும். சந்திப்பதற்கு முன்னரே, வளர்ச்சியின் ஏதோவொரு கட்டத்தில், தற்செயலாய் அது தோன்றிவிடுகிறதென்றால், குழாய்க்குக் குழாய் தொகை பெரிதும் வேறுபடும். விகாரம் முந்தி நேர்ந்த குழாயில் வழித்தோன்றல்கள் மிகப் பலவாகவும், நேராத குழாயில் ஒன்றுமில்லாமலும் இருக்கும். அவர்கள் கண்டது பின்னதையே. எளிய சோதனை, எண்ணிப் பார்ப்பதன்றி வேறு கருவி அதிகம் வேண்டாதது. அதன் அழகு இன்றும் வியப்பூட்டுகின்றது.

மேலே குறித்த நோவெலே 1976 இல் புற்றுநோய்க்கும் இதுவே பொருந்தும் என்று காட்டினார். கட்டியொன்று ஒரே அச்சில் வார்த்த கலங்களின் திரளன்று. அது சிறிது சிறிதாக வேறுபட்ட பல குலங்களின் தொகுதி. இமற்றினிப்புக்கு எதிர்ப்பாற்றல் தரும் விகாரங்கள் அம்மருந்தை ஒருமுறையேனும் உட்கொள்ளாத சில நோயாளரிடத்தும் பின்னர் கண்டறியப்பட்டன. மருந்து அவற்றைப் படைக்கவில்லை. ஏனையவற்றை அழித்து அவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுத்தது. சிகிச்சையின் போக்கிற் புதிய மாற்றங்கள் தோன்றுவதும் உண்டெனினும், அடிப்படைக் கணக்கு இதுதான்.

கணக்கு என்றமையால் எண்ணிக்கையைப் பார்ப்போம். ஒரு கன சென்ரிமீற்றர் அளவுள்ள கட்டியில் நூறு கோடியளவான கலங்கள் இருக்கலாம் என்பது வழக்கமான மதிப்பீடு. கோடியில் ஒரு கலத்துக்கே நேரத்தக்க விகாரமாயினும், அக்கட்டியில் அது நூறு கலங்களில் இருக்கும். கட்டி ஆயிரம் கலங்களாய் இருந்தபொழுதோ அது இருந்திருப்பதற்கான வாய்ப்பு மிகச் சிறிது. ஆகவே எதிர்ப்பாற்றல் தோன்றுவது தற்செயலே. ஆயினும் அத்தற்செயலுக்கு எத்தனை முறை வாய்ப்பளிக்கப்படுகிறது என்பது தற்செயலன்று. அது நோய் எவ்வளவு காலம் தடையின்றி வளரவிடப்பட்டது என்பதைப் பொறுத்தது. இமற்றினிப்பின் வரலாறே இதற்குச் சான்று பகரும். நோயின் தொடக்க நிலையில் அதனை உட்கொண்டோரிற் பெரும்பான்மையோர் பத்தாண்டு கடந்தும் வாழ்கின்றனர். அதே நோய் முற்றிய நிலையில் அதே மருந்தை, அதே புரதத்துக்கு எதிராகக் கொடுத்தபொழுது, பலர் தேறியும் சில மாதங்களிலேயே நோய் மீண்டது. மருந்தும் இலக்கும் மாறவில்லை, காலமே மாறியிருந்தது.

இனி, காலம் எல்லோர்க்கும் ஒரே விலைக்குக் கிடைக்கிறதா என்பதை நோக்குவோம். இதற்கு நான் அறிந்த மண்ணையே எடுத்துக்கொள்கிறேன். மாத்தளை மாவட்டத்தில் இரத்தோட்டை, கம்மடுவை, எல்கடுவை முதலிய பகுதிகளின் தோட்டங்களில் வாழ்வோரிடையே வெற்றிலை மெல்லும் வழக்கம் ஆண் பெண் இருபாலார்க்கும் உரியது. பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்பன அதனோடு சேரும். மிளகும் கமுகும் செழிக்கும் மாவட்டம் இது. பாக்குக்கு அலைய வேண்டியதில்லை. இலங்கை ஆண்களிடத்து முதன்மையாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் விளைவிப்பது என்பது 1985 ஆம் ஆண்டிலும், புகையிலை சேராத பாக்கும் அத்தகையதே என்பது 2004 ஆம் ஆண்டிலும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடுகளால் உறுதிசெய்யப்பட்டன.

இந்நோயின் சிறப்பியல்பு யாதெனில், பல வேளைகளில் அது முன்னறிவித்தே வருகின்றது. கன்னத்தின் உட்புறத்தில் வெண்படலம் அல்லது செம்படலம் தோன்றலாம். உட்தோல் நார்போல் இறுகி வாய் திறக்க முடியாது போகலாம். காரம் பட்டால் எரியலாம். ஆண்டுக்கணக்காக இந்நிலை நீடிக்கும். என் அம்மாயி கறியில் மிளகாயைக் குறைத்துக்கொண்டே வந்தது எனக்கு நினைவிருக்கின்றது. அதனை முதுமையின் இயல்பென்றே வீட்டிற் கொண்டோம். லயத்தில் அவ்வயதினர் பலரும் அவ்வாறே இருந்தமையால், அதனை நோயென்று பிரித்தறிய ஒப்புநோக்கத்தக்க வாய் வேறொன்று இருக்கவில்லை.

வாயைத் திறந்து பார்ப்பதற்கு அரிய கருவி எதுவும் வேண்டாம். மின்சூளும், நாவை அமர்த்த ஒரு தட்டையான குச்சியும், பயிற்சி பெற்ற கண்ணும் போதும். பேராதனையிற் பணியாற்றிய சமன் வர்ணகுலசூரியவும் அவருடன் சேர்ந்தோரும், நம் மத்திய மாகாணத்திலேயே ஆரம்ப சுகாதார ஊழியருக்குச் சிறு பயிற்சியளித்து இதனைச் செய்துபார்த்தனர். அவ்வாய்வு 1984 ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. ஓராண்டில் 28,000க்கும் மேற்பட்ட கிராமத்தவரின் வாய்கள் பார்க்கப்பட்டன. நூற்றுக்கு நால்வர் அளவில் மேற்பரிசோதனைக்கு வருமாறு கூறப்பட்டனர். அவ்வாறு கூறப்பட்டோரில் ஏறத்தாழப் பாதியினரே வந்தனர். கேரளத்தில் 1996 ஆம் ஆண்டில் தொடங்கிய பெரிய ஆய்வொன்றின் முடிவு 2005 இல் வெளிவந்தது. புகையிலையோ மதுவோ பழகியோரிடத்து, வாயைக் கண்ணாற் பார்த்து அறியும் இவ்வெளிய முறை வாய்ப்புற்றுநோய் மரணங்களை மூன்றிலொரு பங்கு குறைத்தது என்பதை அது நிறுவியது. ஆகவே முறை பயனற்றது என்பதற்கில்லை. வராத அந்தப் பாதியினரைப் பற்றியே நான் அதிகம் எண்ணுகின்றேன்.

அவர்கள் ஏன் வரவில்லை? அறியாமை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது படித்தவர்க்கு எளிது. தோட்டத்தின் வாழ்வை அறிந்தவர் வேறொன்றை நினைப்பர். குறித்த நிறை கொழுந்து எடுத்தாற்றான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், கிளினிக்குக்குப் போன நாளில் பேரே இல்லை. மலையுச்சித் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து மாத்தளை, அங்கிருந்து கண்டி. நோய் உறுதியானால் மகரகமை வரைகூடச் செல்ல நேரும். ஒருவர் செல்ல முடியாது. மொழி தெரிந்த ஒருவர் துணைக்குப் போகவேண்டும். அவருக்கும் அன்று பேர் இல்லை. இத்தனையும், நோவற்ற ஒரு வெண்படலத்துக்காக. இலவச மருத்துவம் இந்நாட்டின் பெரும் பேறு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயின் வாயிலிற் கட்டணம் இல்லாமையும், வாயிலை அடைவதற்குச் செலவு இல்லாமையும் வெவ்வேறானவை. நோவு வந்தபின் போகலாம் என்று அவள் முடிவுசெய்வது அறியாமையன்று. தன் கையிலுள்ள கணக்கை அவள் சரியாகவே போட்டிருக்கிறாள். அக்கணக்கின் எண்களைத் தந்தவர் பிறர்.

நோவு வந்தபின் அவள் போகும்பொழுது கட்டியில் எத்தனை கோடிக் கலங்கள், எத்தனை குலங்கள்! முன் கூறிய வெண்குருதி நோய்க்குப் போல ஒரே பூட்டும் ஒரே திறப்பும் வாய்ப்புற்றுநோய்க்கு வாய்க்கவில்லை. பாக்கும் புகையிலையும் பல்லாண்டு செய்த சேதம் பல பரம்பரையலகுகளிற் சிதறிக் கிடக்கின்றது. வளர்ச்சிச் சைகையை ஏற்கும் வாங்கியொன்றை மறிக்கும் செற்றுக்சிமாப் என்னும் இலக்கு மருந்து தலை, கழுத்துப் புற்றுநோய்களுக்கு 2006 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. மீண்டு வந்த அல்லது பரவிவிட்ட நோயில், இரசாயனச் சிகிச்சையுடன் இதனைச் சேர்த்தபொழுது இடைநிலை ஆயுள் 7 மாதமளவிலிருந்து 10 மாதமளவாக நீண்டது என 2008 இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. மூன்று மாதத்தை அற்பமென்று கூறும் உரிமை, அம்மூன்று மாதத்தை எண்ணிக்கொண்டிராத எவருக்கும் இல்லை. எனினும் அதன் பின் மருந்து தோற்கின்றது. அப்பொழுதுதான் "விதி" என்ற சொல்லும் "நோய் வென்றுவிட்டது" என்ற சொல்லும் உச்சரிக்கப்படுகின்றன.

"வெற்றிலை போட்டவள் அவள்தானே" என்று மூன்றாவதாக ஒரு கூற்றும் உண்டு. அது மெதுவாகச் சொல்லப்படும். செயலுக்குச் செய்தவர் பொறுப்பாளி என்பது அறவியலின் அரிச்சுவடி. ஆனால் அறிந்து செய்தலும் தெரிவு உடையராய்ச் செய்தலும் அப்பொறுப்பின் நிபந்தனைகள். பாக்கைப் பற்றி உலக அறிஞர் 2004 இல் உறுதிசெய்ததை, 1960 களில் வெற்றிலை மெல்லத் தொடங்கிய சிறுமி அறிந்திருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது நகைப்புக்குரியது. மழையில் நனைந்து மலைச்சரிவில் நாள் முழுதும் நிற்பவளுக்குக் குளிரையும் பசியையும் சற்றே மறக்கச் செய்வதாய், வாங்கத்தக்க விலையில், எல்லோராலும் மரியாதையுடன் நீட்டப்பட்ட பொருள் அது. கோயிலிலும் கலியாணத்திலும் தாம்பாளத்தில் வைத்து நாமே வழங்கினோம். பொறுப்பு முற்றும் இல்லையென்று நான் கூறவில்லை. அதனைப் பங்கிட்டால் அவள் பங்கு மிகச் சிறிது.

இதுவரை கூறியதிலிருந்து ஒருவர் விரைந்து ஒரு முடிவுக்கு வரலாம். காலம் தாழ்த்தியபின் கொடுக்கும் விலையுயர்ந்த மருந்து தோற்பது உறுதியெனின், அப்பணத்தை முன்கூட்டிப் பரிசோதிப்பதற்கே செலவிடலாமே என்பது அது. கணக்கில் இது சரியே. ஆனால் இம்முடிவை நான் ஏற்கத் தயங்குகின்றேன். தொமஸ் ஷெலிங் என்னும் பொருளியலறிஞர் 1968 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில், முகமறிந்த ஓர் உயிருக்கும் புள்ளிவிபரத்தில் மட்டும் உள்ள உயிருக்கும் மக்கள் காட்டும் வேறுபாட்டைச் சுட்டினார். முகமறிந்தவர்க்காக அள்ளிக் கொடுக்கின்றோம். இன்னாரென்று தெரியாத பலரைக் காக்கும் வரிப்பணத்தை எண்ணி எண்ணிக் கொடுக்கின்றோம். இது உணர்ச்சியின் குறைபாடு என்று பலர் கூறுவர். ஓரளவு அவ்வாறே. எனினும் எதிரே நிற்பவளைப் பார்த்து, "உனக்குச் செலவிடுவதைவிட இன்னும் நோய்வராத நூறு பேருக்குச் செலவிடுவது மேல்" என்று சொல்லவல்ல மருத்துவனை நாம் விரும்புவோமா?

ஜோன் ரோரெக் என்னும் மெய்யியலாளர் 1977 ஆம் ஆண்டில் இதனை இன்னும் கூர்மையாக்கினார். ஒரு மருந்து உண்டு; ஒருவருக்கு அது முழுவதும் வேண்டும்; வேறு ஐவருக்கு ஐந்திலொரு பங்கு ஒவ்வொருவருக்கும் போதும். ஐவரைக் காப்பதே கடன் என்று நாம் கூறுவோம். அவரோ, ஐவரின் துன்பத்தை ஒன்றாய்க் கூட்டிச் சுமக்கும் ஒருவர் எங்கும் இல்லை என்றும், ஒவ்வொருவரும் இழப்பது தத்தம் உயிரையே என்றும், ஆகவே எண்ணிக்கை மட்டும் தீர்ப்பாகாது என்றும் வாதிட்டார். துன்பம் கூட்டற்கணக்குக்கு உட்படாது என்ற அளவில் அவர் சொல்வதை நான் ஏற்கின்றேன். நாணயத்தைச் சுண்டித் தீர்மானிக்கலாம் என்று அவர் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் வாதத்திலும் அவரை மறுப்போர் வாதத்திலும் எனக்குப் படும் குறை ஒன்றே: அறுவரும் அம்மருந்தின் முன் எவ்வாறு வந்து சேர்ந்தனர் என்று எவரும் கேட்கவில்லை. அந்த ஒருவருக்கு முழு மருந்தும் வேண்டியிருப்பது, அவரைப் பிந்தி வரச் செய்தவர்களாலாயின்? அப்பொழுது அவரது தேவை பெரிதாயிருப்பதே அவருக்கு எதிரான நியாயமாக முடியுமா? பிந்தியவளுக்கு நாம் பட்ட கடன், பிந்தியமையாற் குறைவதில்லை. பிந்தச் செய்தமையாற் கூடுகின்றது. முன்கூட்டிக் காண்பது வருங்காலத்தவர்க்குச் செய்யும் கடமை. மருந்து கொடுப்பது இருப்பவளுக்குச் செய்யும் ஈடு. ஈட்டை நிறுத்திக் கடமையைச் செய்வது, ஒருவருக்குப் பட்ட கடனைக் கொண்டு மற்றவருக்குத் தருமம் செய்வதை ஒக்கும்.

பணம் ஓர் எல்லைக்குட்பட்டது. இரண்டும் எங்ஙனம் இயலும் என்பர். எல்லை உண்டு. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அரச மருத்துவமனைகளிற் புற்றுநோய் மருந்துகள் உட்படப் பல மருந்துகள் தட்டுப்பட்டதை நாம் கண்டோம். ஆனால் மருந்தின் விலை மலையும் ஆறும் போல் இயற்கையில் அமைந்ததன்று. இமற்றினிப்பின் காப்புரிமை வழக்கில் இந்திய உயர்நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 ஆம் திகதி நொவாற்றிஸ் நிறுவனத்தின் கோரிக்கையை மறுத்தது. அம்மருந்து அந்நிறுவனத்தின் பெயரில் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 1,20,000 இந்திய ரூபாவாகவும், உள்நாட்டுத் தயாரிப்பில் 8,000 முதல் 10,000 ரூபா வரையாகவும் இருந்தது. கலம் ஒன்றே, மூலக்கூறு ஒன்றே. விலையில் மட்டும் பன்னிரு மடங்கு வேற்றுமை. இதனை அதற்கு நாற்பதாண்டு முன்னரே உணர்ந்து செயற்பட்டவர் பேராதனை மருத்துவபீடத்தின் முதற் பீடாதிபதியான பேராசிரியர் சேனக பிபிலே. 1971 ஆம் ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, மருந்துகள் வணிகப் பெயரிலன்றிப் பொதுப்பெயரிற் கொள்வனவு செய்யப்பட்டமைக்கு அவரே முதற் காரணர். 1977 இல் அவர் கயானாவில் இறந்தார். அவர் நடந்த மரச்சாலைகளில் நாம் நாள்தோறும் நடக்கின்றோம். அவர் பெயரை அறிந்த கலைப்பீட மாணவர் எத்தனை பேர் என்று கேட்க நாணமாயிருக்கின்றது.

இவையாவும் செய்தபின்னும் எதிர்ப்பாற்றல் ஒழியாது என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். தொடக்கத்திலேயே கண்டு, தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தும் தோற்பவர் உளர். அறியத்தக்க எக்காரணமும் இன்றி, ஒரு கலத்தின் ஓரெழுத்து மாறியது, அவ்வளவே. 2009 ஆம் ஆண்டில் றொபேட் கேற்றன்பியும் உடனாய்வாளரும், கலங்கள் யாவற்றையும் அழிக்க முயலாது, மருந்துக்கு அடங்கும் கலங்களில் ஒரு பகுதியை வேண்டுமென்றே விட்டுவைத்தால், அவை இடம்பிடித்து எதிர்ப்புடையவற்றை நெருக்கி வைக்கக்கூடும் என எலிகளிற் காட்டினர். வெல்வதை விட்டு உடன்வாழ்வதை நாடும் மருத்துவம் இது. இன்னும் ஆய்வு நிலையிலுள்ளது. இதற்கும் அப்பால் எஞ்சுவதை ஊழ் என்று அழைப்பதில் எனக்கு மறுப்பில்லை. வள்ளுவர் ஊழ் என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலின் இறுதியில் வைத்தார். மருந்து என்னும் அதிகாரத்தையோ அரசும் அமைச்சும் நாடும் பேசப்படும் பொருட்பாலில் வைத்தார். உரைகாரர் இதற்குக் கூறும் காரணம் எதுவாயினும், மருந்தை ஆள்வோரின் பொருளாகவும் ஊழை வேறொன்றாகவும் பிரித்துவைத்த அவ்வைப்புமுறை என் வினாவுக்கு உதவுகின்றது. நாம் செய்துவரும் பிழை, பொருட்பாலுக்கு உரியதை எடுத்து ஊழின் கணக்கில் எழுதிவிடுவது.

தோட்டங்களில் நாள்தோறும் காலையில் பெரட்டுக்களத்தில் எல்லோரும் கூடுகின்றனர், பெயர் பதியப்படுகின்றது, மலை பிரித்துக் கொடுக்கப்படுகின்றது. மக்களைத் தேடி அலைய வேண்டாத இடம் அது. பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் அங்கு நின்று ஒருவரின் வாயைப் பார்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். கண்டி வரை போகவேண்டியவர் என்று அவர் குறித்துக்கொடுக்கும் துண்டை வாங்கும் பெண் முதலிற் கேட்கக்கூடியது நோயின் பெயரையன்று. போய்வரும் அன்றைக்குத் தனக்கும், துணைக்கு வரும் மகனுக்கும் பேர் விழுமா என்பதையே கேட்பாள். அவ்வினாவுக்கு ஆம் என்று விடையளிக்கும் அதிகாரம் கலத்திடம் இல்லை. தோட்டத்தை நடத்துவோரிடமும் அவர்களை ஆள்வோரிடமும் உள்ளது.